ஞானத்தையும் விவேகத்தையும் கைநழுவ விடாமல் காப்பது: படிப்படியான வழிகாட்டி

முடிவை எடுத்துவிட்டு அப்புறம் வசனம் தேடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இந்த வேலையை விடலாமா, இந்தத் திருமணத்துக்குச் சம்மதிக்கலாமா, இந்த ஊழியரை நம்பலாமா என்று கேட்டு வருவார்கள். பத்து நிமிஷம் பேசினால் போதும், தீர்மானம் ஏற்கெனவே ஆகிவிட்டது தெரிந்துவிடும். முத்திரை குத்த ஓர் ஆள் வேண்டும், அதற்காக வந்திருப்பார்கள். வேதம் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. வரிசை தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான்.

வேதாகமத்தில் நீதிமொழிகள் 2:4 ஞானத்தைப் புதையலைப்போலத் தேடச் சொல்கிறது. அடுத்த அதிகாரத்தின் 21-ஆம் வசனம் "மெய்ஞ்ஞானத்தையும் நல்லாலோசனையையும் காத்துக்கொள்" என்கிறது. தேடுவது ஒரு வேலை, கிடைத்ததைக் காப்பது வேறொரு வேலை. இங்கே எழுதுவது இரண்டாவது வேலையைப் பற்றி. படிகளை இந்த வரிசையிலேயே எடுங்கள். ஏன் இந்த வரிசை என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்குமுன் தயாராக இருக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. கைபேசியில் தேடினால் கேட்ட வசனம் மட்டும் தனியாக வந்து நிற்கும். மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று கண் தானாகப் போகாது. பல தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு சாதாரண நோட்டுப்புத்தகம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தேதி போடுங்கள். பிறகு படித்துப் பார்க்கும்போது, எது முதலில் வந்தது, எது பின்னால் வந்தது என்று மனசு நம்மை ஏமாற்றாமல் இருக்கத் தேதி வேண்டும்.

உங்களிடம் ஒரு தடவையாவது "வேண்டாம்" என்று சொன்ன ஒரு மனிதர். போதகராக இருக்கலாம், சபையில் வயதில் மூத்த ஒருவராக இருக்கலாம். எப்போதும் தலையாட்டுகிறவர் இந்த வேலைக்கு உதவமாட்டார்.

நான்காவதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தும் செய்யாமல் வைத்திருக்கும் காரியம் ஒன்று இருந்தால் அதை முதலில் முடியுங்கள். திருப்பித் தராத கடனாக இருக்கலாம், கேட்காத மன்னிப்பாக இருக்கலாம். யோவான் 7:17-இல் தேவசித்தத்தின்படி செய்ய மனதுள்ளவனே உபதேசத்தை அறிந்துகொள்வான் என்று இயேசு சொல்கிறார். செய்ய மனதிருப்பது முன்னே, அறிவது பின்னே. நேற்றைய வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்குப் புதிய வெளிச்சம் கேட்பவர்கள், பதில் வரவில்லை என்று வருஷக்கணக்கில் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன்.

2. திறமைக்கு முன் பயம்

நீதிமொழிகள் 3:21-இல் "நல்லாலோசனை" என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் "மெஸிம்மா" என்ற சொல் இருக்கிறது. திட்டமிடும் திறன், முன்யோசனை என்று வைத்துக்கொள்ளலாம். 12:2-இல் "துர்ச்சிந்தனைகளுள்ள மனுஷன்" என்கிற இடத்திலும் அதே சொல்தான். சூழ்ச்சிக்காரனிடமும் இந்தத் திறன் இருக்கிறது, குறைவாகக்கூட இல்லை. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

"கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்ற வசனத்தை ஒரு வாழ்த்து வாசகம்போலப் படித்துவிட்டுப் போகிறோம். அது ஒரு வரிசைக் குறிப்பு. இந்தப் பயம் இல்லாமல் வளர்கிற விவேகம் வெறும் சாமர்த்தியமாகத்தான் வளரும்.

நடைமுறையில் என்ன செய்வது? நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதுங்கள்: "நான் விரும்பாத பதில் வந்தாலும் கீழ்ப்படிவேனா?" ஒவ்வொரு பெரிய காரியத்துக்கும் முன் இதற்கு நேர்மையாகப் பதில் எழுதுங்கள். "இல்லை" என்று எழுதினாலும் பரவாயில்லை. அன்றைக்கு ஜெபிக்க வேண்டியது அந்த "இல்லை"யைப் பற்றித்தான்.

3. வாசிப்பதும் கையால் எழுதுவதும்

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். தேதிக்கு ஓர் அதிகாரம் என்று படிப்பது எளிய முறை, தவறிப்போனாலும் அன்றைய தேதியில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் முதல் முறை படிப்பவர்கள் 1 முதல் 9 வரையுள்ள அதிகாரங்களை மெதுவாகப் படியுங்கள். அங்கே தகப்பன் மகனிடம் நீளமாகப் பேசுகிறான், காரணம் சொல்கிறான். 10-ஆம் அதிகாரத்திலிருந்து பெரும்பாலும் ஒற்றை வரிகள். அந்தப் பேச்சைக் கேட்காமல் இந்த வரிகளுக்கு வந்தால், அவை தனித்தனிப் பழமொழிகளாகச் சிதறிவிடும்.

ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு வரியை எடுத்துக் கையால் எழுதுங்கள். உபாகமம் 17:18-19-இல் ராஜாவாகிறவன் நியாயப்பிரமாணத்தின் பிரதியை எழுதிவைத்துக்கொண்டு, உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. எழுதும்போது வேகம் குறைகிறது, கண் தாண்டிப்போன சொல் கையில் தட்டுப்படுகிறது.

கோடு போடுவது போதாது என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு நண்பர், நல்ல விசுவாசி, கண்ணீரோடு என் முன்னால் ஜெபித்துவிட்டுத் தன் கடனுக்குப் பிணை நிற்கக் கேட்டார். அவருக்கு எவ்வளவு கடன், யாரிடம், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். சில மாதம் கழித்துக் கடன்காரர்கள் என்னிடம் வந்தார்கள். அன்றிரவு நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். "என் மகனே, நீ உன் சிநேகிதனுக்காகப் பிணைப்பட்டு" என்று தொடங்குகிற வரியின் அடியில் சிவப்பு மையில் கோடு இருந்தது. என் கோடுதான். அந்த அதிகாரத்தை நான் மாதாமாதம் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எழுதிய வரிக்குக் கீழே, "இது எனக்கு எங்கே நேரிடலாம்?" என்று ஒரு வாக்கியம் எழுதுகிறேன். பிணை பற்றிய வரிக்குக் கீழே நான் என்றோ ஓர் ஆளின் பெயரை எழுதியிருந்தால், பேனாவைக் கையில் எடுக்கும்போது கொஞ்சமாவது தயங்கியிருப்பேன்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். நீதிமொழியைச் சட்டமாகவோ உத்தரவாதமாகவோ எடுத்துக்கொள்வார்கள். 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு, அதாவது பதில், கொடாதே என்கிறது. 26:5 கொடு என்கிறது. அடுத்தடுத்த வரிகள். தொகுத்தவர் கவனிக்காமல் வைத்துவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு வரிகளும் உண்மை, எது எந்த நேரத்துக்கு என்று நிதானிப்பது நம் வேலை. உழைப்பவன் செழிப்பான் என்ற வரிகளைப் படித்துவிட்டு, கஷ்டப்படுகிற எல்லாரும் சோம்பேறிகள் என்ற முடிவுக்கு வருகிறவர்கள் யோபுவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். யோபுவின் நண்பர்கள் செய்த பிழையே அதுதான்.

4. கேட்பது

"உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால்" என்று யாக்கோபு 1:5 தொடங்குகிறது. அதில் கேட்கச் சொல்லியிருப்பது ஞானத்தை. நாம் கேட்பது பெரும்பாலும் விடையை: ஆமா, இல்லையா, சீக்கிரம் சொல்லுங்கள் ஆண்டவரே. விடை கிடைத்தால் ஒரு காரியம் முடியும். ஞானம் கிடைத்தால் அடுத்த காரியத்துக்கும் கையில் இருக்கும்.

பாரசீக ராஜாவிடம் வேலைபார்த்த யூதன் நெகேமியா ராஜாவின் முன் நின்று, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே ஒரு நொடி ஜெபித்தான் என்று நெகேமியா 2:4-இல் பார்க்கிறோம். நாமும் அப்படி ஒற்றை மூச்சில் ஜெபித்துவிட்டு முடிவெடுக்கப் போகிறோம். ஆனால் எருசலேமின் மதில் இடிந்துகிடக்கிறது என்ற செய்தி வந்த மாதத்திலிருந்து அந்த நாள் வரை ஏறக்குறைய நான்கு மாதம் அவன் உபவாசித்து ஜெபித்திருந்தான். அந்த நொடி ஜெபத்துக்கு அடியில் அந்த நான்கு மாதம் இருந்தது.

கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் பெய்கிறதா என்று அடையாளம் கேட்டான்; அப்படித் தோல் போட்டுப் பார்ப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். "நாளைக்கு இன்னது நடந்தால் இது தேவசித்தம்" என்று அடையாளம் வைப்பதற்குக் கிதியோனைக் காட்டுவார்கள். நியாயாதிபதிகள் 6-ஐத் திறந்து பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தேவன் அவனுக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிட்டார், தோலைப் போடுகிறபோது அவனே அதைச் சொல்லிக்கொண்டுதான் போடுகிறான். அது சித்தத்தை அறிகிற முறை என்பதைவிட, பயந்தவனுக்குத் தேவன் காட்டிய பொறுமை என்பதே சரி. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைப்பதும் இதே வகை. விரல் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும்.

5. தகவல் சேர்ப்பது

ஜெபித்துவிட்டால் விசாரிக்க வேண்டாம் என்றொரு எண்ணம் விசுவாசிகளிடம் இருக்கிறது. விசாரிப்பதே அவிசுவாசம் என்பார்கள். நெகேமியா எருசலேமுக்குப் போனதும் யாரிடமும் வாய் திறக்காமல் இராத்திரியில் எழுந்து இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தான். மிருகம் நடக்க வழியில்லாத இடம்வரை போனான். அதன் பிறகே ஜனங்களிடம் பேசினான்.

இதற்கு நேர் எதிரான தவறு யோசுவா 9-இல் இருக்கிறது. கிபியோன் ஊரார் கிழிந்த திராட்சரசத் துருத்திகளையும் பழைய பாதரட்சைகளையும் பூசணம் பூத்த அப்பங்களையும் காட்டித் தூரதேசத்திலிருந்து வந்தோம் என்றார்கள். இஸ்ரவேலர் அப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள். பரிசோதித்தார்கள்தான். ஆனால் "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்" உடன்படிக்கை பண்ணினார்கள். மூன்று நாள் கழித்து அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. அப்பம் பழையதுதான், அதில் பொய் இல்லை. அது எங்கே பழசானது என்பதில்தான் பொய்.

கேட்பதை நான்காவதாகவும் விசாரிப்பதை ஐந்தாவதாகவும் வைத்தது இதனால்தான். இரண்டும் வேண்டும், கேட்பது முன்னே.

ஒருவரைப் பற்றி யாராவது குற்றம் சொன்னால், மற்றவர் தரப்பைக் கேட்கும்வரை எதையும் எழுதி முடிக்காதீர்கள். முதலில் பேசுகிறவன் நீதிமான்போலத்தான் தெரிவான் என்று நீதிமொழிகள் 18:17 எச்சரிக்கிறது. கைபேசியில் வருகிற செய்திகளுக்கும் இதே விதி. பேதை எந்த வார்த்தையையும் நம்புவான் என்கிற 14:15-ஐ ஒரு முறை படித்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

6. சல்லடை

வந்த யோசனையை, கேட்ட பிரசங்கத்தை, யாரோ சொன்ன தீர்க்கதரிசனத்தைச் சோதிக்கும் படி இது. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பது 1 தெசலோனிக்கேயர் 5:21. அதற்கு முந்தின வசனம் தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்கிறது. இந்த இரண்டு வசனங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் எல்லாவற்றையும் நம்புகிறார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் சந்தேகிக்கிறார்கள்.

முதல் கேள்வி: எழுதப்பட்டதற்கு இது முரணா? செமாயா என்பவன் நெகேமியாவிடம், "உன்னைக் கொல்ல வருகிறார்கள், தேவாலயத்துக்குள் போய்ப் பூட்டிக்கொள்வோம்" என்ற பொருளில் தீர்க்கதரிசனமாகச் சொன்னான். கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது! ஆசாரியன் அல்லாதவன் அந்த இடத்தை நெருங்கக்கூடாது என்பது எண்ணாகமம் 18:7. நெகேமியா ஆசாரியன் அல்ல. தேவன் இவனை அனுப்பவில்லை என்று அவன் அறிந்துகொண்டான். தரிசனம் எதுவும் வரவில்லை, படித்தது நினைவில் இருந்தது.

1 இராஜாக்கள் 13-இல் யூதாவிலிருந்து வந்த தேவமனிதன் இங்கேதான் விழுந்தான். அங்கே அப்பம் சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே என்று அவனுக்கு நேரடிக் கட்டளை இருந்தது. ஒரு கிழவன் வந்து "நானும் தீர்க்கதரிசிதான், ஒரு தூதன் எனக்குச் சொன்னான்" என்றதும் திரும்பிப் போனான். சொன்னவர் வயதில் மூத்தவர், ஊழியர், தூதனையும் சாட்சிக்கு இழுத்தார். தனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதை இவன் விட்டுவிட்டான். வழியில் சிங்கம் கொன்றது.

இரண்டாவது கேள்வி: வசனம் முழுசாக இருக்கிறதா? மத்தேயு 4-இல் சாத்தான் சங்கீதம் 91-ஐச் சொல்கிறான். சங்கீதத்தில் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று இருக்கிறது, அவன் வாயில் "உன் வழிகளிலெல்லாம்" வரவில்லை. அடுத்த வசனமான சிங்கத்தையும் விரியன் பாம்பையும் மிதிப்பதற்கும் அவன் போகவில்லை, போவானா? இயேசு உபாகமம் 6:16-ஐப் பக்கத்தில் வைத்துப் பதில் சொன்னார். ஒரு வசனத்தை இன்னொரு வசனத்தின் வெளிச்சத்தில் பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் நமக்கு.

மூன்றாவது கேள்வி: கனி என்ன? யாக்கோபு 3:17-இல் பரத்திலிருந்து வருகிற ஞானம் "முதலாவது சுத்தமுள்ளதாயும், பின்பு சமாதானமும்" என்று வரிசையாகச் சொல்லப்படுகிறது. சண்டை வராமல் இருக்க உண்மையை மூடி மறைக்கச் சொல்கிற யோசனை அந்த முதலாவதிலேயே நின்றுவிடும்.

"எனக்குச் சமாதானமாக இருக்கிறது" என்பதைத் தனிச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு வாக்கியத்தை வைத்து எடுக்கப்பட்ட முடிவுகள் எத்தனை! நினிவேக்குப் போகச் சொன்ன தேவனை விட்டு ஓடி யோனா யோப்பாவுக்குப் போனான், கப்பல் தயாராக நின்றது, கையில் கூலிக்குப் பணம் இருந்தது, ஏறி அயர்ந்து தூங்கினான். கதவு திறந்திருந்தது, மனசும் அமைதி. போன திசை மட்டும் தப்பு. கெத்செமனேயில் இயேசு வியாகுலப்பட்டார், பிதாவின் சித்தத்தின் நடுவில் நின்றபடியே.

7. ஆலோசனை கேட்பது

சாலொமோனின் மகனான ராஜா ரெகொபெயாம் ஆலோசனை கேட்காதவன் என்று பலர் நினைக்கிறார்கள். பாரத்தைக் குறைக்கச் சொன்ன ஜனங்களிடம் மூன்று நாள் தவணை வாங்கி, முதியோரிடம் கேட்டான், தன்னோடு வளர்ந்த வாலிபரிடமும் கேட்டான். பிடித்த பதில் வரும்வரை கேட்டான். பத்துக் கோத்திரம் அவன் கையைவிட்டுப் போயிற்று. இஸ்ரவேலின் ராஜா ஆகாப் 400 தீர்க்கதரிசிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு, உண்மை சொல்கிற மிகாயாவைப் பகைக்கிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னான். தலைகளை எண்ணுவது ஆலோசனை ஆகாது.

கேட்கும் விதத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "நான் இப்படிச் செய்யலாம் என்று இருக்கிறேன், என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் பாதிப் பேர் மரியாதைக்காக ஆமோதித்துவிடுவார்கள். நிலைமையை மட்டும் சொல்லுங்கள், உங்கள் சாய்வைச் சொல்லாதீர்கள். உங்களுக்குப் பாதகமான விவரத்தை முதலில் சொல்லுங்கள், அதைத்தான் நாக்கு ஒளித்துவைக்கப் பார்க்கும். பிறகு, "ஐயா, இதில் நான் பார்க்காதது எது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆலோசகர் முடிவெடுப்பவர் அல்ல. தன் முடிவை முழுசாகப் போதகர் கையில் கொடுத்துவிடுகிறவருக்கு விவேகம் வளராது. நன்மை தீமையைப் பயிற்சியினால் பகுத்தறிகிறவர்களைப் பூரண வயதுள்ளவர்கள் என்கிறது எபிரெயர் 5:14. இன்னொருவர் பயிற்சி செய்தால் நமக்கு எப்படி வரும்?

8. முடிவு

இதில் நீட்ட ஒன்றுமில்லை. அவசரமில்லாத காரியமானால் ஓர் இரவாவது தள்ளிப்போடுங்கள். "இப்போதே சொல்ல வேண்டும்" என்று யாராவது நெருக்கினால், அந்த நெருக்கடியையே ஒரு தகவலாக நோட்டில் எழுதுங்கள். பிறகு முடிவெடுத்து, காரணத்தை மூன்று வரியில் எழுதி, தேதி போடுங்கள். நூறு சதவீத நிச்சயத்துக்குக் காத்திருப்பவர்கள் எதையும் செய்யமாட்டார்கள்.

9. கசிகிற இடங்கள்

சாலொமோன் கேட்டுப் பெற்ற ஞானம் ஒரே நாளில் போகவில்லை. உபாகமம் 17 ராஜாவுக்குச் சொன்னது: குதிரைகளைப் பெருக்காதே, அதற்காக ஜனங்களை எகிப்துக்குத் திரும்பிப் போகப் பண்ணாதே, மனைவிகளைப் பெருக்காதே, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ப் பெருக்காதே. 1 இராஜாக்கள் 10, 11-ஐப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 12,000 குதிரைவீரர், எகிப்திலிருந்து வந்த குதிரைகள், கற்களைப்போல் வெள்ளி, 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். அத்தனையும் வெளியே பார்க்கச் செழிப்பாகவே இருந்தது, சேபாவின் ராஜஸ்திரீ பிரமித்துப்போனாள். இருதயம் அந்நிய தேவர்களிடம் திரும்பியது அவன் வயதுசென்ற பிறகு.

உங்கள் நோட்டில் "இது எனக்கு மட்டும் விதிவிலக்கு" என்ற தொனியில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள். கசிவு அங்கேதான். "உன் இருதயத்தைக் காத்துக்கொள்" என்று நீதிமொழிகள் 4:23-இலும் அதே "காத்துக்கொள்" வருவதைக் கவனியுங்கள்.

இன்னொரு கசிவு, புதியவர்களிடம் மூன்றாவது நான்காவது மாதத்தில் வரும். பகுத்தறியக் கற்றுக்கொண்டவர் சபையில் எல்லாரையும் பகுத்தறிய ஆரம்பிப்பார். பாட்டில் குறை, பிரசங்கத்தில் குறை, பக்கத்தில் உட்கார்ந்தவரின் ஜெபத்தில் குறை. பிலிப்பியர் 1:9-இல் பவுல், அன்பானது அறிவிலும் உணர்விலும் பெருக வேண்டும் என்று ஜெபிக்கிறார். அங்கே பெருகுகிற பொருள் அன்பு. உங்கள் நோட்டில் ஒரு வாரம் முழுக்க மற்றவர்களைப் பற்றியே எழுதியிருந்தால், அடுத்த வாரம் உங்களைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

10. திரும்பிப் பார்ப்பது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை நோட்டை முதலிலிருந்து படியுங்கள். முடிவு நன்றாக முடிந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்தப் படியைத் தாண்டினீர்கள் என்று பாருங்கள். படியைத் தாண்டியும் சில காரியங்கள் தேவகிருபையால் நன்றாக முடிந்திருக்கும், அவற்றின் ஓரத்தில் ஒரு குறி போடுங்கள். அடுத்த முறை துணிச்சல் கொடுத்து ஏமாற்றப் போவது அந்தப் பக்கங்கள்தான்.

தவறிய பக்கத்தைக் கிழிக்காதீர்கள். நீதிமொழிகள் 6 பிணைப்பட்டவனை அப்படியே விட்டுவிடவில்லை. 3-ஆம் வசனத்தில் போ, உன்னைத் தாழ்த்து, உன் சிநேகிதனை வருந்திக் கேள் என்கிறது. 4-ஆம் வசனம் அன்றிரவு தூங்கப் போகாதே என்கிறது. நான் அந்த நண்பரின் வீட்டுக்கு மறுநாள் காலையில்தான் போனேன். கடனை இரண்டு பேரும் பங்கிட்டு அடைத்தோம், முழுசாக முடிய இரண்டு வருஷம் ஆயிற்று.